பதினாறும் பதினெட்டும்: வண்டி ஓட்டும் வயதை யார் சொல்வது?

இந்தியாவில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதிக்கே இப்போது நூற்றுப்பத்து வயது தாண்டிவிட்டது. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதை எழுதி வைத்தார்கள். அன்று சாலைகளை ஆண்டது மாட்டு வண்டி. மோட்டார் என்பது ஜமீன்தாரும் வெள்ளைக்கார அதிகாரியும் வைத்திருந்த அபூர்வப் பொருள். அப்போது போட்ட எண் இன்றும் மாறவில்லை. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான். அதுவும் மாறுவதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஓய்வூதியர்கள் நாலைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர் சொன்னார்: "டெல்லியில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் தெரு எப்படித் தெரியும்? எந்த வயதில் வண்டி ஓட்டலாம் என்பதை அந்தந்த மாநிலமே சொல்லிக்கொள்ளட்டுமே." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எந்தப் பாதி, ஏன் என்பதைச் சரித்திரத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதி உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, டெல்லியிலிருந்து வரும் சுற்றறிக்கைகளைக் கோப்பில் கட்டியவன். அதோடு புதுவையில் பிறந்தவன். மாநில எல்லை என்றால் என்ன என்பதைப் புதுவைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். இந்த அதிகாரம் ஆதியிலேயே டெல்லியில் இருந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மோட்டார் வந்து இறங்கியபோது வங்காளம், பம்பாய், சென்னை என்று ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஒரு மோட்டார் சட்டம் போட்டுக்கொண்டது. நண்பர் கேட்கும் ஏற்பாடு நடைமுறையில் இருந்த காலம் அது. சில வருடங்களிலேயே அதன் தொல்லை தெரிந்துவிட்டது. ரயில் தண்டவாளத்தில் ஓடுவது, மாடு நாலு மைலில் களைத்துவிடும். மோட்டாரோ காலையில் ஒரு மாகாணத்தில் கிளம்பி மாலையில் இன்னொன்றில் நிற்கும். இங்கே வாங்கிய உரிமம் அங்கே செல்லுமா, இங்கே பதிந்த வண்டிக்கு அங்கே என்ன எண் என்ற கேள்விகள் எழுந்தன. ஆகவே 1914-ல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. பொதுவான விதிகளை மேலே எழுதிவிட்டு, விவரமான விதிகளைச் செய்யும் வேலையை மாகாண அரசுகளிடம் விட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் போட்ட ஆங்கிலேயர்களின் சொந்த ஊரில் 18 இல்லை. 1903-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம் காருக்கு 17, மோட்டார் சைக்கிளுக்கு 14 என்று வைத்திருந்தது. தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. காரணம் எதுவாக இருந்தாலும் நமக்கு அமைந்த எண் நல்ல எண்தான் என்பேன்.

பிறகு 1939-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதிலும் பொதுவாக 18. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கு 20. சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் மோட்டார் வாகனங்களைப் பொதுப் பட்டியலில், 35-ஆம் இனமாக வைத்தார்கள். அதாவது நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம்; இரண்டும் முட்டிக்கொண்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் மேலோங்கும். சாலைகள் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு, காவல் துறை முழுக்க மாநிலத்தின் பொறுப்பு, வண்டி மட்டும் இருவருக்கும் பொது. கூட்டுக் குடும்பத்தில் வாங்கிய சைக்கிள் மாதிரி. ஓட்ட எல்லோரும் வருவார்கள். பஞ்சர் ஒட்ட யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் புதுவைக்கு இந்தச் சட்டங்கள் அப்போது பொருந்தாது. 1954 நவம்பர் 1 வரை இங்கே ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் குடியரசு என்பது ஒன்றே, அது பிரிக்க முடியாதது என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார். பாரிசில் போட்ட விதி பிரான்சின் கடைசிக் கிராமம் வரை செல்லும். மாநிலம் என்ற பேச்சே கிடையாது. உரிமத்துக்கு 'பெர்மி' என்று பெயர். அந்தச் சொல் எங்கள் பழைய தலைமுறையின் தமிழில் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இணைப்புக்குப் பிறகு படிப்படியாக இந்தியச் சட்டங்கள் வந்தன. ஒரே ஊரில் இருந்துகொண்டே இரண்டு தேசத்து விதிகளைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆகவே சரித்திரம் ஒரு பக்கத் தீர்ப்பைச் சொல்லிவிட்டது போலத் தோன்றும்: வண்டி எல்லை தாண்டும், எனவே விதி ஒன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரே விதி என்பதற்கும் ஒரு நோய் உண்டு. விதியை எழுதியவன் தூரத்தில் இருப்பதால் அது பழசாகிப் போனதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பதினாறு வயதின் கதையே சாட்சி. 1960-களில் மோட்டோபெகான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் திருப்பதியில் சுவேகா மொபெட் செய்தார்கள். 1970-களில் லூனா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால்காரர், தபால்காரர், பள்ளி ஆசிரியை என்று நடுத்தர வர்க்கமே மொபெட்டில் ஏறியது. 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் எழுதியபோது இதைக் கவனித்து ஒரு விலக்கு தந்தார்கள். கியர் இல்லாத மோட்டார் சைக்கிளைப் 16 வயது நிரம்பியவர், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு உரிமம் பெற்று ஓட்டலாம். அந்த நாளில் கியர் இல்லாத வண்டி என்றால் மொபெட். வேகமாகப் போ என்று கெஞ்சினாலும் போகாது. விதி சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் கியர் இல்லாமலேயே நல்ல வேகம் போகும் ஸ்கூட்டர்கள் வந்தன. 1994-ல் சட்டத்தைத் திருத்தி, 'கியர் இல்லாத' என்பதை எடுத்துவிட்டு, '50 சி.சி.க்கு மேற்படாத' என்று போட்டார்கள். அதுவும் நல்ல திருத்தம்தான். ஆனால் சில வருடங்களில் 50 சி.சி. வண்டியே கடைகளில் இல்லாமல் போய்விட்டது. 60, 70, 100 என்று இன்ஜின் வளர்ந்துகொண்டே போனது. சட்டம் 16 வயதுப் பிள்ளைக்கு ஒரு வண்டியை அனுமதித்தது, அந்த வண்டியைச் செய்ய ஆள் இல்லை. இது ஒரு ஓட்டை. வாசல் இருக்கிறது, வீடு இல்லை என்கிற மாதிரி. ஆகவே பெற்றோர் என்ன செய்தார்கள்? 110 சி.சி. ஸ்கூட்டரின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மின்சார வண்டி வந்திருக்கிறது. 250 வாட் மோட்டாருக்கு மேற்படாமல், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாததாக இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல, உரிமம் வேண்டாம். அதே வண்டியின் கட்டுப்பாட்டை யாராவது கழற்றிவிட்டால் நாற்பதில் போகும். அதைத் தெருவில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவர் எங்கள் ஊர் போலீஸ்காரர், டெல்லி அமைச்சகம் அல்ல.

இனி எதிர் உதாரணத்துக்கு அமெரிக்கா போவோம். நண்பர் கேட்ட ஏற்பாடு முழுசாக அமலில் இருக்கும் தேசம் அது. அங்கே ஓட்டுநர் உரிமம் தொடக்கத்திலிருந்தே மாநிலங்களின் காரியம். ஆளுக்கொரு விதியாகக் குழம்பியபோது, வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1924-ல் ஒரு தேசிய மாநாடு கூட்டினார். பின்னால் குடியரசுத் தலைவரான அதே ஹூவர்தான். 1926-ல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரானது. ஆனால் அது மாதிரிதான். ஏற்றுக்கொள்வதும் தள்ளுவதும் மாநிலத்தின் இஷ்டம். இன்றும் தெற்கு டகோட்டா, அயோவா, கன்சாஸ் போன்ற விவசாய மாநிலங்களில் 14 வயதில் பழகுநர் உரிமம் கிடைக்கும். நியூஜெர்சியில் தனியாக ஓட்ட 17. டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா போனால் பதினாறரை.

விவசாய மாநிலத்தின் நியாயத்தை நாம் அலட்சியப்படுத்தக்கூடாது. பண்ணை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பல மைல் தூரம். பஸ் இல்லை. அப்பா வயலில். பிள்ளை தானே ஓட்டிக்கொண்டு போகாவிட்டால் படிப்பு இல்லை. சாலையில் எதிரே வருவதும் எப்போதோ ஒரு டிராக்டர். நியூயார்க் நகரத்தின் விதியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மாநிலமே சொல்லட்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான்.

ஆனால் அதே அமெரிக்காவில் இன்னொரு வயது விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 1970-களில் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதை 21-லிருந்து 18, 19 என்று குறைத்தன, சில குறைக்கவில்லை. விளைவு, 21 உள்ள மாநிலத்துப் பையன்கள் காரை எடுத்துக்கொண்டு 18 உள்ள பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, நள்ளிரவில் தாங்களே ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பும் வழியில் செத்தார்கள், எதிரே வந்தவர்களையும் கொன்றார்கள். அந்த எல்லைகளுக்கு ரத்த எல்லைகள் என்றே பெயர் வந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் வீட்டுக்குள் சரியான விதி வைத்திருந்தாலும், இரண்டு சரியான விதிகளுக்கு நடுவே இருந்த சாலையில் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மாநில உரிமை பேசும் கட்சியைச் சேர்ந்தவர் ரீகன். முதலில் அவர் மத்திய அரசு இதில் தலையிடக்கூடாது என்றுதான் நின்றார். பிறகு மனம் மாறி 1984 ஜூலை 17-ல் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டம் நேராக வயதை நிர்ணயிக்கவில்லை. 21-ஐ ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் முதல் வருடம் 5 சதவீதமும் அடுத்து 10 சதவீதமும் நிறுத்திவைக்கப்படும் என்றது. 19 வயதுக்காரருக்கு லேசான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன. மானியத்தை நிறுத்தி வழிக்குக் கொண்டுவருவதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? இந்த வித்தை உலகம் முழுவதும் ஒன்றுதான்.

வண்டி ஓட்டும் வயதில் மட்டும் அவர்கள் அந்தக் கம்பை எடுக்கவில்லை. அங்கே வேறொரு நல்ல காரியம் நடந்தது. 1987-ல் நியூசிலாந்தில் படிப்படியான உரிமம் என்று ஒரு முறை வந்திருந்தது. முதலில் பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பழகுவது. அடுத்து, தனியாக ஓட்டலாம், ஆனால் இரவில் கூடாது, சிநேகிதர்களை அடைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாகத்தான் முழு உரிமம். புளோரிடா மாநிலம் இதை 1996-ல் எடுத்துக்கொண்டது. பக்கத்து மாநிலங்கள் பார்த்தன, பலன் தெரிந்தது, ஒவ்வொன்றாக எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின. 2012-ல் மத்திய அரசு இதற்கு ஊக்கத்தொகை அறிவித்து, கம்புக்குப் பதிலாக வெல்லத்தை நீட்டியது. ஒரு மாநிலம் சோதித்துப் பார்க்க இடம் இருந்ததால்தான் இந்த நல்லது பிறந்தது. மாநிலத்தின் பக்கம் இருக்கும் பெரிய புண்ணியம் இது. ஆனால் இதையும் கவனியுங்கள்: மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் லாரிக்கு மட்டும் அமெரிக்க மத்திய அரசு 21 என்று தானே வயதை வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் லாரிக்குப் பெரும்பாலும் 18. எல்லையைத் தாண்டும் இடத்தில் எண்ணை மேலே எழுதிவிட்டார்கள்.

பிரான்சிலும் இதே எல்லைச் சிக்கல் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. என் தங்கை சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். அவளுடைய பேரன் 15 வயதிலிருந்து அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பழகினான். துணையோடு ஓட்டும் முறை என்று அங்கே 1980-களிலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் பிரான்சில் 17 வயதிலேயே காருக்கு உரிமம் தருகிறார்கள். பேரனும் 17-ல் வாங்கிவிட்டான். போன வருடம் விடுமுறைக்கு இங்கே வந்தவன், "தாத்தா, என்னிடம் பெர்மி இருக்கிறது, கார் சாவியைக் கொடுங்கள்" என்று என் மகனின் காரைக் காட்டிக் கேட்டான். "இங்கே 18 ஆகணும்டா" என்றேன். "நான் இப்போது ஓட்டத் தெரிந்தவனா, தெரியாதவனா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் சாவி கொடுக்கவில்லை.

அவனுக்கு நான் சொன்ன பதில் இது. உன் உரிமம் பிரான்சை விட்டு ஜெர்மனிக்குப் போனால்கூட அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை காருக்கு 18 என்று பொதுவாக வைத்துவிட்டு, விரும்பும் நாடு 17 ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்றது. கூடவே, 18 நிரம்பாதவரின் உரிமத்தை மற்ற நாடுகள் தங்கள் மண்ணில் மறுக்கலாம் என்றும் எழுதி வைத்தது. குறைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. அந்தக் குறைவைச் சுமக்க வேண்டிய கடமை உன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எல்லையில் யாராவது நின்று வயதைப் பார்த்தால் ஒழிய அது ஏட்டுச் சுரைக்காய்.

எல்லையில் யாரும் நிற்பதில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். புதுச்சேரி மாநிலம் என்பது ஒரே துண்டாக இல்லை. காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். புதுச்சேரிப் பகுதியே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. பஸ்ஸில் ஏறினால் ஒரே சாலையில் தமிழ்நாடு, புதுவை, மறுபடி தமிழ்நாடு என்று பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கும். மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு அரசும் தனக்கென வயது வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, புதுவையில் 18. அதன் விளைவை வெளியூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் ஊருக்குள் வரும் வண்டிகளையும், ஞாயிறு இரவு அவை திரும்பிப் போகும் விதத்தையும் பார்த்தால் போதும். அமெரிக்காவின் ரத்த எல்லையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அது அந்நிய தேசத்துக் கதையாகப் படவில்லை.

இதே மாதிரி ஓட்டும் வயதும் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்யுங்கள். புதுவையில் 16, தமிழ்நாட்டில் 18 என்று வைத்துக்கொள்வோம். காரைக்கால் பையன் சட்டப்படி வண்டியை எடுப்பான். சில கிலோமீட்டரில் சட்டவிரோதி ஆகிவிடுவான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதல் கேள்வியாக, எந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் என்று கேட்பான். தமிழ்நாட்டுப் பெற்றோரோ புதுவை விலாசம் ஒன்றைப் பிடித்துப் பிள்ளைக்கு உரிமம் வாங்கித் தருவார்கள். கார் பதிவுக்கு வரி குறைவு என்று புதுவை விலாசம் தேடியவர்கள் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. வரி ஏமாற்றினால் கஜானாவுக்கு நஷ்டம். இதில் நஷ்டமாவது பிள்ளை.

ஆகவே எண்ணை நாடாளுமன்றம் வைத்திருக்கட்டும் என்கிறேன். ஆனால் எண்ணை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று மத்திய அரசு நினைத்தால் அதைவிடப் பெரிய ஏமாற்று இல்லை.

2019-ல் நடந்ததைப் பாருங்கள். 18 மாநிலங்களின் போக்குவரத்து அமைச்சர்கள் கூடிப் பேசிய யோசனைகளை வைத்து ஒரு மசோதா 2016-ல் வந்தது. மாநில உரிமை பறிபோகிறது என்ற எதிர்ப்பில் மாநிலங்களவையில் சிக்கிக் காலாவதியாகி, மறுபடி 2019-ல் வந்து நிறைவேறியது. அதில் 199ஏ என்று ஒரு பிரிவு. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. செப்டம்பர் 1 முதல் அமல். கடுமையான சட்டம், வேண்டிய சட்டமும்கூட. பத்து நாள் ஆவதற்குள் குஜராத் அரசு அந்தத் திருத்தச் சட்டத்தின் பல அபராதங்களைக் குறைத்து அறிவித்தது. மேற்கு வங்கம் அமல்படுத்தவே மறுத்தது. 2020 ஜனவரியில் மத்திய அரசு, சட்டம் சொன்ன அளவுக்குக் கீழே மாநிலங்கள் குறைக்க முடியாது என்று எழுதியது. எழுதியது சரி. தெருவில் நின்று வண்டியை நிறுத்துகிறவர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார்?

எங்கள் ஊரில் அந்த வருடம் பிப்ரவரியிலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. ஹெல்மெட் கட்டாயம் என்பது மத்தியச் சட்டம். அதை உடனே முழுசாக அமல்படுத்த வேண்டும் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக என்றார் முதல்வர் நாராயணசாமி. இதுவும் வேறு பல கோரிக்கைகளும் சேர்ந்து, முதல்வரே ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். யார் சரி, யார் தப்பு என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. மத்தியச் சட்டத்தில் ஒரு வரி எழுதியிருப்பதற்கும் ஒரு மனிதனின் தலையில் ஹெல்மெட் ஏறுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது.

எழுத்தராக இருந்தபோது இந்தத் தூரத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். மேலிருந்து வரும் கடிதம் 'தேவையான நடவடிக்கைக்காக' என்று முடியும். கீழே அனுப்பும்போது நாங்களும் அதே வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்புவோம். அப்படியே நாலு மேசை தாண்டிக் கடைசி மேசைக்குப் போய்ச் சேரும்போது கடிதம் இருக்கும், நடவடிக்கை வழியில் எங்கோ இறங்கிப் போயிருக்கும். யாருடைய தப்பு என்று கேட்டால் பதில் இருக்காது. விதியை எழுதுகிறவன் ஒருவன், அமல்படுத்துகிறவன் இன்னொருவன் என்றால் விதிக்குத் தாய் தகப்பன் இல்லாமல் போய்விடுகிறது.

2024 மே மாதம் புனே நகரத்தில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். விலை உயர்ந்த கார் ஒன்று மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வயது 17. விபத்துக்கு முன் குடித்திருந்தான் என்பதும் குற்றச்சாட்டு. ஓட்டும் வயது 18 என்பது நாடாளுமன்றச் சட்டம். அந்த மாநிலத்தில் மதுபானத்துக்கு 25 வயது என்பது மாநில விதி. அந்த இரவில் எதுவும் காப்பாற்றவில்லை. சில மணி நேரத்தில் 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்ததும் நாடே கொதித்தது. இறந்து போன இருவரின் பெற்றோரிடம் போய், வயதை மத்திய அரசு நிர்ணயிப்பதா மாநிலம் நிர்ணயிப்பதா என்று கேட்க நமக்கு வாய் வருமா?

அதனால் என் கணக்கு இப்படி. எந்த வயதுக்குக் கீழே வண்டியைத் தொடக்கூடாது என்ற எண், தேசத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் குறைக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை வேண்டாம். ஆனால் அதற்கு மேல் கட்டுப்பாட்டைக் கூட்ட மாநிலத்துக்கு உரிமை வேண்டும். புது உரிமக்காரர் முதல் வருடம் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்று ஒரு மாநிலம் வைத்துப் பார்க்கட்டும். புளோரிடா மாதிரி நன்றாக அமைந்தால் மற்றவை தானாக வரும். மாநில சுயாட்சி எனக்குப் பிடிக்காத வார்த்தை அல்ல. நான் இந்த மண்ணுக்காரன். ஆனால் பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் சுயாட்சி என்பது ஏணியாக இருக்கட்டும், சறுக்குமரமாக வேண்டாம்.

அப்படியானால் பள்ளிக்கூடம் தூரத்தில் உள்ள பிள்ளை என்ன செய்வான் என்ற கேள்வி நிற்கிறது. டகோட்டா பண்ணைப் பிள்ளைக்கும் அதே கேள்வி, கல்வராயன் மலையடிவாரப் பிள்ளைக்கும் அதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது மாநிலம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதில் சொல்லத் தெரியாமலும் இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது என்ன வயது? பதினாறு. அந்த வயதுக்கு ஏற்ற வண்டி எது என்பதை ஒரு மாநில அரசு எந்தச் சட்ட விவாதமும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டது. சைக்கிளோடு கூட இலவச பஸ் பாசும் இருக்கிறது. மாலை ஆறரைக்கு டியூஷன் விடும் நேரத்தில் ஒரு டவுன் பஸ்ஸும் வந்துவிட்டால், பாதி வீடுகளில் ஸ்கூட்டர் சாவி ஆணியிலேயே தொங்கும்.